நோய்க்குறிப்பில் காரணம் எழுதுதல்

நாவினாற் சொல்லிய சொல் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகின்றது. ஏட்டில் ஏறிய சொல்லோ எழுதியவர் மறந்த பின்னும் நின்று தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். கிரயப் பத்திரத்தில் ஓர் எல்லை பிழைபட எழுதப்பட்டால் மூன்று தலைமுறை கோர்ட்டு ஏறும் என்பதை நம் ஜில்லாவிலுள்ளோர் நன்கறிவர். ஆயினும் ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் எழுதப்படும் ஒரு வரியைப் பற்றி நம்மவர் அத்துணைக் கவலை கொள்வதில்லை. அவ்வரி, புத்தி தடுமாறிய ஒருவரின் நோய்க்குக் காரணம் எழுதும் வரி. மது, கஞ்சா முதலிய போதைப் பொருள்களால் சித்தப்பிரமை நேர்ந்தது என்று எழுதுவதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். இஃது வைத்தியர்க்கு மட்டும் உரிய விஷயம் என்று நம் கலாசாலை அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. நம்முள் நாளை வைத்தியராவோர் சிலர். ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எண்களாக்கும் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் செல்வோர் பலர். நோயாளியின் வீட்டாராக நிற்க நேர்வோர் எவர் என்று சொல்வதற்கில்லை.

தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்துக்கு அணித்தாய் உள்ளது காயல்பட்டினம். அவ்வூர் மக்கள் கடல் கடந்து வாணிகம் செய்வதிலும் வேலை பார்ப்பதிலும் நெடுங்காலப் பழக்கமுடையோர். கொழும்பு, ஹாங்காங், வளைகுடா நாடுகள் யாவும் அவர்களுக்கு அடுத்த தெரு. அத்தகைய ஊரில் இருபத்திரண்டு வயதுள்ள ஓர் இளைஞர் வெளியூர் வேலையினின்று திரும்பியிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவாக அவருக்கு உறக்கமில்லை. சுவருக்கு அப்பால் சிலர் தம்மைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கின்றார். உம்மா வைத்த சோற்றில் நஞ்சு இருக்கின்றதென்று தட்டைத் தள்ளுகின்றார். ஜின் பிடித்துவிட்டது என்கின்றார் ஒருவர். செய்வினை என்கின்றார் மற்றொருவர். கூட்டாளிகளோடு கஞ்சா புகைத்ததைப் பார்த்தவர்கள் உண்டு என்கின்றார் மூன்றாமவர். பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ அவரை அழைத்துச் செல்கின்றனர். கூட்டம் மிகுந்த ஓ.பி.யில், மூன்றாமவர் சொன்ன சொல்லே, எவர் சொன்னார் என்ற குறிப்பின்றி, காரணமாக ஏட்டில் ஏறிவிடக்கூடும். அன்றுமுதல் அவர் நோயாளி மட்டுமல்லர், கஞ்சாக்காரர். இவர் கற்பனை மனிதரே; ஆயினும் இவரையொத்தவர் எந்த ஊரிலும் உண்டு என்பதை மறுப்பார் இலர்.

போதைப் பொருள் சித்தத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கெடுக்கும் வழிகள் பல. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பகுப்பு, பத்தாம் பதிப்பில், போதைப் பொருள்களால் வரும் மனக்கோளாறுகளுக்கு எப்.10 முதல் எப்.19 வரை எண்கள் வகுத்திருக்கின்றது. மதுவுக்கு 10; அபினி வகைக்கு 11; கஞ்சா வகைக்கு 12. புள்ளிக்குப் பின் வரும் எண்ணே நோயின் தன்மையைச் சொல்லும். பூஜ்யம் என்றால் அப்போதைக்குத் தலைக்கேறிய மயக்கம். 3 என்றால் பழகிய பொருளை நிறுத்தியதால் வந்த கோளாறு. 4 என்றால் அந்நிறுத்தத்தோடு ஜன்னியும் கூடியது. 5 என்றால் சித்தப்பிரமை. 7 என்றால் பொருள் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்பது அல்லது காலந்தாழ்த்தித் தோன்றுவது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலோ ஒவ்வொரு பொருளாலும் வரும் சித்தப்பிரமைக்குத் தனித்தனி இடம் உண்டு.

இவ்வெண்களின் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று, உயிரையே தொடுவது. நாள்தோறும் குடித்து வந்த ஒருவர் காலெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுக்கின்றார். அங்கே மது இல்லை. இரண்டு மூன்று நாளில் கை நடுங்குகின்றது. இல்லாத பூச்சிகளைப் படுக்கையில் காண்கின்றார். நாள், இடம் யாவும் மறக்கின்றார். இது குடியை நிறுத்தியதால் வந்த ஜன்னி. உடனே தக்க மருந்தும் தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடாவிடில் உயிருக்கே ஆபத்து. மற்றொருவர், அறிவு தெளிவாகவே இருக்க, நாளும் இடமும் சரியாகச் சொல்லிக்கொண்டே, தம்மை ஏசும் குரல்களை மட்டும் கேட்கின்றார். இது மதுவால் வந்த சித்தப்பிரமை. முன்னதை 4 என்றும் பின்னதை 5 என்றும் எழுதவேண்டிய இடத்தில், "குடிகாரர், உளறுகின்றார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், எழுதிய கை ஓய்வெடுக்கும். படுத்தவர் கதி என்னாகும்?

இனி, சித்தப்பிரமை போதையால் வந்ததா, அன்றித் தானே வந்த மனச்சிதைவா என்பதை முதல் நாளிலேயே துணிந்து சொல்வது அரிது. காலமே அதற்குச் சாட்சி. பொருளை உட்கொண்ட வேளையிலோ, பெரும்பாலும் அதற்குப் பின் இரண்டு நாளைக்குள்ளோ தோன்றி, ஒரு மாதத்தில் ஓரளவேனும் தணிந்து, ஆறு மாதத்துக்குள் முற்றும் நீங்குவது போதைப் பிரமையின் இயல்பு என்று பத்தாம் பதிப்பின் விளக்கம் கூறும். அமெரிக்க மனவைத்தியரின் கையேடும், பொருளை விட்டு ஏறக்குறைய ஒரு மாதமான பின்னும் நோய் நீடித்தால் வேறு நோயென ஐயுற வேண்டும் என்கின்றது. ஆகவே முதல் நாள் எழுதும் காரணம் தற்காலிகமானது. மாதங் கழித்துத் திரும்பப் பார்த்துத் திருத்தப்படாத காரணம், பாதி எழுதிய வாக்கியம் போன்றதே.

சிறுநீர்ச் சோதனை இருக்கின்றதே, அது உண்மையைக் காட்டாதோ எனின், ஓரளவே காட்டும். கஞ்சாவின் சுவடு, பழகியவர் சிறுநீரில் வாரக்கணக்கிலும் தங்கக்கூடும். ஆகவே சோதனை பொருளை உட்கொண்டதைச் சொல்லுமேயன்றி, நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்லாது. மறுபுறம், நம் வேலியோரத்து ஊமத்தை விதை ஒருவரைப் பித்தராக்கிவிட வல்லது. வழக்கமான சோதனை அட்டையிலோ அது தென்படாது. கண்டவர் சொல், கொண்டவர் சொல், சோதனை, காலம் ஆகிய நான்கையும் சேர்த்து நிறுத்தே காரணம் துணியப்படவேண்டும்.

நிற்க. காரணத்தைக் கேள்வியால் எழுதிவைக்கும் இப்பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அது ஒருமுறை பகிரங்கமாக விசாரிக்கப்பட்டு வெட்கப்பட்டும் இருக்கின்றது. 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கெய்ன் என்பவர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் பயனாய் அவ்வருஷமே இந்தியச் சர்க்கார் மாக்வொர்த் யங் தலைமையில் ஒரு கமிஷனை நியமித்தனர். கஞ்சா, பங்கி, சரஸ் என்னும் மூன்றையும் ஆராய்ந்து அக்கமிஷன் 1894-இல் பல பெருந்தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குமா என்பதே அதன்முன் நின்ற பெருங்கேள்விகளுள் ஒன்று. உண்டாக்கும் என்போர் யாவரும் சுட்டிய ஆதாரம் பைத்திய ஆஸ்பத்திரிகளின் வருஷாந்தரக் கணக்கு. அக்கணக்கில் காரணம் என்னும் கட்டத்தில் கஞ்சா என்பது வருஷந்தோறும் நிறைந்திருந்தது.

கமிஷனார் அக்கணக்கை அப்படியே கொள்ளவில்லை. அஃது எவ்வாறு உண்டாயிற்று என்று வினவினர். நோயாளியைப் பிடித்து வந்த போலீஸார், ஊரில் கேட்டதைக் கொண்டோ கேளாமலோ, காரணம் என்ற கட்டத்தை நிரப்பினர். அது மாஜிஸ்திரேட்டின் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அதுவே பெரும்பாலும் பெயர்த்தெழுதப்பட்டது. அதைக் கூட்டிச் சர்க்கார் புள்ளிவிவரமாக அச்சிட்டனர். இதுவே அவர்கள் கண்டது. ஒருவர் கஞ்சா குடிப்பவர் என்று தெரிந்தால் போதும், அவர் பைத்தியத்துக்கு அதுவே காரணமென்று எழுதுவது வழக்கமாயிருந்தது. 1892-ஆம் வருஷத்தில் அவ்வாஸ்பத்திரிகளில் சேர்ந்தோர் 1,344 பேர். அவருள் 222 பேர் பெயருக்கு எதிரே கஞ்சா வகை காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தது. கமிஷனார் அவ்வொவ்வொன்றையும், கூடியவரையில் அவரவர் ஊரிலேயே உறவினரை விசாரித்து, மறுபடி ஆராய்ந்தனர். முடிவில் கஞ்சாவுக்குச் சம்பந்தம் உண்டென்று கொள்ளத்தக்கவை 98. அவற்றுள்ளும் வேறு காரணம் கலவாமல் கஞ்சாவையே சார்ந்தவை 61.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது கஞ்சா தீங்கற்றது என்பதன்று. 61 என்பது பூஜ்யமன்று. கமிஷனாரும் அளவிறந்து குடிப்பது சித்தத்தைக் கெடுக்கும் என்று ஒப்புக்கொண்டனர். நாம் கற்க வேண்டியது, ஏடு பெரியதாய் இருப்பதனாலேயே உண்மை பெரியதாகிவிடாது என்பதுதான். ஒரு கான்ஸ்டேபிளின் ஊகம் நான்கு மேசைகளைக் கடந்ததும் சாஸ்திரமாயிற்று. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் நம் பழமொழிக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டா.

அவ்வருஷம் 1893-இல்தான் சிகாகோ நகரில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவரச் சங்கத்தார் பெர்த்தியோன் என்பவர் வகுத்த மரண காரணப் பட்டியலை ஏற்றனர். அதன் வழித்தோன்றலே நாம் மேலே கூறிய உலக நோய்ப் பகுப்பு. 1948-இல் வந்த ஆறாம் பதிப்பிலே மனநோய்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆக, காரணத்தை எண்ணாக்கும் கலையும், பொய்க் காரணத்தைக் கண்டுபிடிக்கும் விசாரணையும் ஒரே வருஷத்தில் உலகில் நடைபெற்றன. முன்னதை நாம் நன்கு வளர்த்துவிட்டோம். பின்னதை மறந்துவிட்டோம் என்பதே நம் குறை.

அங்ஙனமாயின் இவ்வெண்களே வேண்டா என்று சிலர் கூறலாம். அது தவறு. டென்மார்க் தேசத்தில் 1994 முதல் 2014 வரை போதைச் சித்தப்பிரமை என்று குறிக்கப்பட்ட 6,788 பேரைத் தேசப் பதிவேடுகளின் வாயிலாய் ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். அவருள் 32 விழுக்காட்டினர்க்குப் பின்னர் மனச்சிதைவு வகை நோயோ, எழுச்சியும் சோர்வும் மாறிவரும் இருதுருவ நோயோ கண்டது. கஞ்சாவால் வந்ததென்று குறிக்கப்பட்டவருள் அது 47 விழுக்காடு. இவ்வுண்மையின் பொருள் யாது? "கஞ்சாவால் வந்தது, விட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நெடுநாள் வைத்தியம் வேண்டியவர்கள். காயல்பட்டினத்து இளைஞர் மறுமாதம் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? ஒழுங்காய் எழுதிய ஏடு இருந்தமையாலன்றோ டென்மார்க்கினர் இதை அறிந்தனர்? ஆகவே எண் வேண்டும். எண்ணுக்குப் பின்னே சான்று வேண்டும் என்பதே நம் கட்சி.

இனி, வீட்டார் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். "கஞ்சா என்றோ குடி என்றோ எழுதவேண்டாம் ஐயா" என்று அவர்கள் வைத்தியரைக் கெஞ்சுவது வெறும் மானத்தால் மட்டுமன்று. 2019-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் பாலிசிகளுக்கு ஒரே சீராக வகுத்த விலக்குகளுள் பன்னிரண்டாவது, குடிப்பழக்கம், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கும் அவற்றின் விளைவுகளுக்கும் ஆகும் வைத்தியச் செலவைத் தரவேண்டுவதில்லை என்கின்றது. எப்.20 என்றெழுதினால் பணம் கிடைக்கும், எப்.12.5 என்றெழுதினால் மறுக்கப்படலாம். அயல்நாட்டு வேலைக்கோ, கலியாணத்துக்கோ அவ்வரி தடையாகுமோ என்ற அச்சமும் உண்டு. ஆதலின் இரக்கமுள்ள வைத்தியர் சிலர் காரணத்தை மறைத்தெழுதத் தூண்டப்படுகின்றனர்.

இவ்விரக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஆதரிக்க இயலாது. போதையை மறைத்து எழுதிய ஏட்டை நம்பி, அடுத்த வைத்தியர் அந்நோயாளிக்குத் தேவையற்ற மருந்தை வருஷக்கணக்கில் தொடரலாம். போதையை விடுவிக்கும் வைத்தியமோ தொடங்கப்படாமலே போகும். வெறுப்பினால் எழுதிய பொய்யும் இரக்கத்தினால் எழுதிய பொய்யும் நோயாளியின் உடம்பில் ஒன்றே.

திருத்தப்பட வேண்டியது ஏடு அன்று, விலக்கு. 2017-ஆம் வருஷத்து மனநல வைத்தியச் சட்டம், மது, போதைப் பொருள்களின் துர்ப்பழக்கத்தோடு கூடிய மனநிலைகளையும் மனநோய் என்னும் சொல்லுக்குள் அடக்குகின்றது. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு இன்ஷூரன்ஸ் தரும் அதே முறையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்று கட்டளையிடுகின்றது. ஒரு கையால் சட்டம் கொடுப்பதை மற்றொரு கையால் விலக்கு எடுத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும்? சட்டம் கற்ற நம் பழைய மாணவர்கள் இதனைக் கையிலெடுத்து வாதாடுவார்களாக. மேலும் அச்சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையையும், தம் வைத்தியக் குறிப்பைத் தாமே பெற்றுக் காணும் உரிமையையும் அளிக்கின்றது. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர் சொற்ப அளவு சம்பந்தமான குற்றத்தில், தாமே முன்வந்து வைத்தியம் பெற்று முடித்தால், வழக்கினின்று விடுபடவும் இடந்தருகின்றது. இவற்றை அறியாமையால் அஞ்சி மறைப்போர் பலர்.

மெடிக்கல் கோடிங் வேலையிலுள்ள நம் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அமர்ந்து எண்ணாக்கும் இவர்கள் கையில் பெரும் பொறுப்பு இருக்கின்றது. நோயாளி கஞ்சா பயன்படுத்துபவர் என்று ஓரிடத்திலும், சித்தப்பிரமை என்று வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டையும் தாமே முடிச்சுப் போட்டு ஒரே எண்ணாக்குதல் ஆகாது; அச்சம்பந்தத்தை வைத்தியர் எழுதியிருக்க வேண்டும்; இல்லையேல் அவரையே கேட்கவேண்டும் என்பது அவர்களது விதி. நல்ல விதி. ஆனால் அவ்விதிகளிலேயே மற்றொன்றும் உண்டு. உள்நோயாளி வெளியேறும்போது வைத்தியர் "இருக்கலாம்" என்று ஐயத்தோடு எழுதிய நோயையும், உறுதியான நோய்போலவே எண்ணிட வேண்டும் என்பது அது. வெளிநோயாளி விஷயத்தில் அவ்வாறு செய்யலாகாது. ஐயம் என்பது எழுத்தில் இருக்கின்றது, எண்ணில் இல்லை. ஆகவே எண்ணை மட்டும் படிப்பவர் அதனைச் சத்தியமென்று கொள்ளாது மூலக் குறிப்பையும் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் எழுத வேண்டுவன யாவை? எப்பொருள், எவ்வளவு, எத்தனை நாளாய், கடைசியாக எப்போது உட்கொள்ளப்பட்டது என்பது ஒன்று. பிரமையின் முதல் அடையாளம் அதற்கு முன்னோ பின்னோ என்பது இரண்டு. இதனைச் சொன்னவர் யார், அவர் கண்டாரா கேட்டாரா என்பது மூன்று. அறிவு தெளிந்திருந்ததா கலங்கியிருந்ததா என்பதும் சோதனை முடிவும் நான்கு. குடும்பத்தில் முன் எவர்க்கேனும் இத்தகைய நோய் உண்டா என்பது ஐந்து. காரணம் தற்காலிகமானது, இன்ன தேதியில் மறுபடி பார்க்கப்படும் என்பது ஆறு. இவ்வளவும் எழுத ஒரு பக்கம் போதும். கூட்டம் மிகுதி, நேரமில்லை என்பர். காரணம் தெரியவில்லை என்று எழுத இரண்டு நிமிஷமும் வேண்டாவே! தெரியாததைத் தெரியாதென்று எழுதுதலும் நல்லெழுத்தேயாகும்.

மூன்றாவதாய்க் கூறியதைக் காயல்பட்டினத்தார்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மதரஸாக்கள் பல விளங்கும் அவ்வூரில், ஹதீஸ் கலையை ஓதினோர், ஒரு செய்தியை ஏற்கு முன் அதை இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி முழுதும் நிறுத்துப் பார்ப்பதைக் கற்றிருக்கின்றனர். சங்கிலி அறுந்த செய்தியை அவர்கள் உறுதியென்று கொள்ளார். அவ்வூர் வணிகரும், பெயரின்றிச் சொன்ன கடனைப் பற்றுக் கணக்கில் ஏற்றார். ஒரு மனிதரின் புத்தியைப் பற்றிய செய்திக்கு அவ்வளவு கவனமேனும் வேண்டாவா?

2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதியில் தீப்பற்றி, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நாடு மறந்திராது. அதன்பின் இரும்புச் சங்கிலியை விலக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். எழுத்தாலும் ஒரு சங்கிலி உண்டு. ஆராயாமல் எழுதிய காரணம் அவ்வகையினது. அது துருப்பிடிப்பதுமில்லை, தீயில் வேவதுமில்லை. அதனைப் பூட்டாதிருக்க வைத்தியர் கற்கவேண்டும். பூட்டியதைக் கண்டால் கேட்க வீட்டாரும் கற்கவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போது, "இக்காரணம் எதனால் எழுதப்பட்டது? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?" என்னும் இரண்டு கேள்விகளைப் பணிவோடு கேட்பது எவர்க்கும் இயலும். நம் கலாசாலையில் கற்றோர் தத்தம் ஊரில் அதனைக் கேட்கவும் பிறர்க்குக் கேட்கக் கற்பிக்கவும் முன்வருவார்களாக.